மூடி திறந்த பிறகு

2003 ஜூலையில் லண்டனின் சதர்க் பகுதியில், டபார்ட் சதுக்கம் என்னுமிடத்தில் ரோமானியர் காலக் கோயில் வளாகம் ஒன்றைத் தொல்லியலாளர்கள் அகழ்ந்துகொண்டிருந்தார்கள். நீர் ஊறிய சேற்றுக்குள் வெள்ளீயச் சிமிழ் ஒன்று அகப்பட்டது. அகலம் 6 செ.மீ., உயரம் 5 செ.மீ. மூடி கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. திறந்து பார்த்தால் உள்ளே வெள்ளை நிற க்ரீம். கடைசியாக அதைத் தொட்டவரின் விரல் தடம்கூட அழியாமல் இருந்தது.

பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் வேதியியலாளர் ரிச்சர்ட் எவர்ஷெட்டும் அவருடைய குழுவினரும் அந்த க்ரீமைப் பகுத்தாய்ந்து, 2004இல் 'நேச்சர்' இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். விலங்குக் கொழுப்பும் மாவுச்சத்தும் தலா 40 சதவீதம் அளவுக்கு இருந்தன. வெண்மைக்காகச் சேர்த்த டின் ஆக்சைடு சுமார் 15 சதவீதம். அதே அளவில் புதிதாக ஒரு க்ரீம் செய்து தோலில் தேய்த்தும் பார்த்தார்கள். கொழுப்பு உடல் சூட்டில் உருகிப் பரவியது. மாவுச்சத்து வழவழவென்று பவுடர் பூசிய உணர்வைத் தந்தது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டுப் பொருள் அது. ஏறத்தாழ 1,850 ஆண்டுகள் மண்ணுக்குள் இருந்திருக்கிறது.

அந்தக் காலத்துச் சரக்கு உசத்தி என்று இதை வைத்து முடிவுகட்ட வேண்டியதில்லை. சிமிழைத் திறந்தபோது துர்நாற்றம் வீசியது. முகத்தில் பூசும் பக்குவத்தில் அது இல்லை. ஆனாலும் உருக்குலையாமல் கிடைத்ததற்குக் காரணங்கள் உண்டு. இறுகிய மூடியும் சுற்றியிருந்த ஈரச் சேறும் காற்றை உள்ளே விடவில்லை. மண்ணுக்கடியில் வெயிலும் வெளிச்சமும் எட்டவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அதற்குப் பிறகு யாரும் அதில் விரல் விடவில்லை. காற்று, வெப்பம், வெளிச்சம், விரல் ஆகிய இந்த நான்கோடு தண்ணீரையும் சேர்த்துக்கொண்டால், ஓர் ஒப்பனைப் பொருளின் ஆயுளைத் தீர்மானிக்கும் காரணிகளின் பட்டியல் முடிந்துவிடும். அட்டைப்பெட்டியில் அச்சிட்ட தேதிக்கு இவற்றுக்குப் பிறகுதான் இடம்.

அந்தத் தேதி எப்படி வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் அதை எவ்வளவு நம்பலாம் என்பதும் தெரியும். இரண்டு ஆண்டுகள் தாங்கும் என்று சொல்வதற்காக எந்த நிறுவனமும் இரண்டு ஆண்டுகள் காத்திருந்து பார்த்துவிட்டு விற்பனையைத் தொடங்குவதில்லை. பாட்டில்களை 40 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 75 சதவீத ஈரப்பதமும் கொண்ட அறையில் மாதக்கணக்கில் வைக்கிறார்கள். வெப்பம் 10 டிகிரி கூடினால் பெரும்பாலான வேதிவினைகளின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது வேதியியலில் பழகிய கணக்கு. அந்த அறையில் மூன்று மாதம் தாங்கினால் சாதாரண அறையில் எவ்வளவு நாள் தாங்கும் என்று அதைக்கொண்டு மதிப்பிடுகிறார்கள். உறையவைத்து உருகவைக்கிறார்கள், மைய விலக்குக் கருவியில் சுழற்றி எண்ணெயும் நீரும் பிரிகிறதா என்று பார்க்கிறார்கள்.

இங்கே தமிழ்நாட்டு வாசகர் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. பொருளை வேகமாக முதுமையடையச் செய்வதற்காகச் சோதனைக்கூடம் தேர்ந்தெடுக்கும் அந்த 40 டிகிரி, வேலூரிலும் திருத்தணியிலும் கரூரிலும் மே மாதப் பிற்பகலின் சாதாரண வெப்பம். 75 சதவீத ஈரப்பதம் சென்னைக்குப் புதிதல்ல. மிதமான அறை வெப்பத்தை மனத்தில் கொண்டு கணித்த தேதி, மேற்கு வெயில் காயும் மாடி அறையில் அப்படியே செல்லுபடியாகும் என்று எதிர்பார்க்க முடியாது.

சட்டங்களும் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன. இந்தியாவில் 2020 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட அழகுசாதனப் பொருள் விதிகளின்படி, எந்த மாதம், எந்த ஆண்டுக்குள் பயன்படுத்த வேண்டும் என்பதும் பேட்ச் எண்ணும் லேபிளில் இருக்க வேண்டும். அமெரிக்காவில் ஒப்பனைப் பொருளுக்குக் காலாவதித் தேதியைக் கட்டாயமாக்கும் சட்டம் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 30 மாதமோ அதற்குக் குறைவாகவோ தாங்கும் பொருளுக்குத் தேதி போட வேண்டும். அதற்கு மேல் தாங்கினால், மூடி திறந்த டப்பாவின் சிறு படமும் அதற்குள் 6எம், 12எம், 24எம் என்ற எழுத்தும் இருக்க வேண்டும். திறந்த நாளிலிருந்து அத்தனை மாதம் என்று பொருள். 2005 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இந்தச் சின்னம் இன்று இந்தியாவில் விற்கும் பல பொருள்களிலும் இருக்கிறது. அட்டைப்பெட்டியின் தேதி, மூடி திறக்காத பொருளுக்கு. திறந்த டப்பாச் சின்னம், பயன்பாட்டில் இருக்கும் பொருளுக்கு. இரண்டில் எது முதலில் முடிகிறதோ அதுதான் கணக்கு.

*

முகத்தில் பூசும் பொருள்களைக் கெடுவதன் அடிப்படையில் பிரித்தால் இரண்டே சாதிதான்: தண்ணீர் உள்ளவை, தண்ணீர் இல்லாதவை. மாய்ஸ்சரைசர், ஃபவுண்டேஷன், மஸ்காரா, ஐலைனர் திரவம், ஃபேஸ் வாஷ், ஷாம்பு, கற்றாழை ஜெல் எல்லாம் முதல் வகை. லிப்ஸ்டிக், காம்பாக்ட் பவுடர், காஜல் பென்சில், தேங்காய் எண்ணெய், நகப் பூச்சு இரண்டாம் வகை. லேபிளில் உள்ளடக்கப் பட்டியலின் முதல் பெயர் 'அக்வா' அல்லது 'வாட்டர்' என்றிருந்தால் பாக்டீரியாவுக்கு வேண்டிய முதல் வசதி அங்கே தயார். கூடவே கொழுப்பு, கிளிசரின், தாவரச் சாறு, புரதம் என்று உணவும் இருக்கிறது.

நம் வீட்டுப் பழைய பழக்கங்கள் இந்த இடத்தில் மிகத் தெளிவானவை. நலங்கு மாவு காய்ந்த பொடி. பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, ரோஜா இதழ் எல்லாவற்றையும் வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்து அரைத்துச் சலித்து வைத்துக்கொள்வார்கள். குளிக்கும்போது ஒரு கை அள்ளிக் கிண்ணத்தில் குழைப்பார்கள். டப்பாவுக்குள் தண்ணீர் போகாது. சந்தனம் கட்டையாக இருக்கும், வேண்டும்போது இழைத்துக்கொள்வார்கள். சீயக்காயும் அப்படித்தான். தண்ணீரும் பொருளும் சந்திப்பது பயன்படுத்தும் நிமிடத்தில் மட்டுமே. பதப்படுத்தும் வேதிப்பொருள் எதுவும் தேவைப்படாத ஏற்பாடு இது. ஈரக் கையை டப்பாவுக்குள் விட்டால் மட்டும் அது உடைந்துபோகும்.

அந்த மரபைப் பின்பற்றுவதாக நினைத்துக்கொண்டு பலரும் இப்போது செய்வது இதற்கு நேர்மாறு. கற்றாழை மடலைக் கீறி, சோற்றை மிக்ஸியில் அடித்து, பாட்டிலில் ஊற்றி ஒரு மாதம் வைத்துக்கொள்கிறார்கள். நீரும் சர்க்கரைப் பொருள்களும் நிறைந்த சாறு அது. ஃபிரிட்ஜில் வைத்தாலும் இரண்டு மூன்று நாளுக்கு மேல் நம்பக் கூடாது. வாசனை மாறாமலேயே நுண்ணுயிர்கள் பல மடங்கு பெருகியிருக்கும். மருதாணிக் கோனும் இதே கதை. இலைப்பொடியை எலுமிச்சைச் சாறும் தைல எண்ணெயும் விட்டுக் குழைத்த அசல் கோன், அறை வெப்பத்தில் சில நாளில் நிறம் தரும் சக்தியை இழந்துவிடும். ஃப்ரீசரில் வைத்தால்தான் தாங்கும். கடை அலமாரியில் மாதக்கணக்கில் கிடந்தும் கறுப்பாகப் பிடிக்கும் கோன் என்றால், அதில் இலையைத் தவிர வேறு சாயம் இருக்க வாய்ப்பு அதிகம். அதை வாங்காமல் இருப்பதே நல்லது.

*

தண்ணீருள்ள பொருளைக் கடையில் வாங்கி ஒரு வருடம் வைத்துக்கொள்ள முடிகிறதென்றால் அதற்குக் காரணம் பிரிசர்வேட்டிவ்கள் எனும் பதப்படுத்தும் பொருள்கள். இவை எப்படித் தேர்வாகின்றன என்பதைப் பார்த்தால் பயம் குறையும். தயாரான க்ரீமுக்குள் வேண்டுமென்றே ஐந்து கிருமிகளைச் செலுத்துகிறார்கள்: ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், சூடோமோனாஸ் ஏருஜினோசா, ஈ. கோலை ஆகிய மூன்று பாக்டீரியாக்கள், கேண்டிடா ஆல்பிகன்ஸ் என்ற ஈஸ்ட், ஆஸ்பெர்ஜிலஸ் என்ற கரும்பூஞ்சை. 28 நாள் கவனிக்கிறார்கள். கடுமையான அளவுகோலின்படி ஏழே நாளில் பாக்டீரியாக்களின் எண்ணிக்கை ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைய வேண்டும்; பிறகு ஏறவே கூடாது. தினமும் விரல் படும் டப்பா பிழைக்குமா என்பதைச் சோதிக்கும் பரீட்சை அது.

பிரிசர்வேட்டிவ்களில் பாராபென் என்றாலே பலருக்கும் இன்று அச்சம். 2004இல் இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிலிப்பா டார்பர் 20 மார்பகக் கட்டி மாதிரிகளில் பாராபென் இருப்பதைக் கண்டறிந்தார். கட்டிக்குக் காரணம் பாராபென்தான் என்று அந்த ஆய்வு நிறுவவில்லை. ஆரோக்கியமான திசுவோடு ஒப்பிடவும் இல்லை. ஆனால் செய்தி காட்டுத்தீயாகப் பரவியது. ஐரோப்பிய ஒன்றியம் விஷயத்தை ஆராய்ந்து, போதிய தரவு இல்லாத ஐந்து வகைப் பாராபென்களை 2014இல் தடைசெய்தது. மீதைல், ஈதைல் பாராபென்களை அனுமதித்தது. புரொப்பைல், பியூட்டைல் வகைகளின் அளவைக் குறைத்தது. அதற்குள் பல நிறுவனங்கள் மீதைல்ஐசோதயாசோலினோன் என்ற வேறொரு பொருளுக்குத் தாவியிருந்தன. விளைவு மோசமானது. ஐரோப்பாவெங்கும் தோல் ஒவ்வாமை பெருகியது. அமெரிக்கத் தொடுதோல் அழற்சிக் கழகம் 2013இல் அதை 'அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்' என்று அறிவித்தது. கழுவாமல் தோலிலேயே விடும் பொருள்களில் அதைச் சேர்ப்பதற்கு 2017இல் ஐரோப்பா தடை விதித்தது. அதே அமெரிக்கக் கழகம் 2019இல் பாராபென்களை 'ஒவ்வாமை தராத பொருள்' என்று தேர்ந்தெடுத்தது.

எனவே 'பிரிசர்வேட்டிவ் ஃப்ரீ' என்ற எழுத்தைப் பெருமையாக அச்சிட்ட அகன்ற வாய் டப்பாவைப் பார்த்தால் எச்சரிக்கையாக இருப்பதே அறிவு. தண்ணீர் இல்லாத தைலம், காற்றுப் புகாத பம்ப், ஒருமுறை மட்டும் பயன்படும் உறை ஆகியவற்றில் அந்த வாக்கியத்துக்கு அர்த்தம் உண்டு. விரல் விட்டு எடுக்கும் நீர் க்ரீமில் அது பாதுகாப்பின் அடையாளம் ஆகாது.

உறை என்றதும் கடலூர் நினைவுக்கு வருகிறது. ஷாம்பு சாஷேயை இந்தியாவில் பரவலாக்கியவர்களில் முன்னோடி என்று கடலூர் சின்னிகிருஷ்ணனைச் சொல்வார்கள். அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் தொடங்கிய நிறுவனத்தின் சிக் ஷாம்பு கிராமங்கள் வரை சாஷேயைக் கொண்டுபோனது. சில்லறைக் காசுக்கு ஷாம்பு கிடைத்ததுதான் அதன் வெற்றி. ஆனால் சேமிப்பு அறிவியலின் கண்ணால் பார்த்தால் அது ஏறத்தாழ முழுமையான கலம்: வெளிச்சம் புகாது, காற்று மிகக் குறைவு, திறந்தவுடன் தீர்ந்துவிடும். பிளாஸ்டிக் குப்பையாக அது செய்யும் கேடு வேறு கணக்கு. அதையும் மறக்கக் கூடாது.

*

கெட்டுப்போன க்ரீம் முகத்தில் பட்டால் பெரும்பாலும் பருவோ அரிப்போ வந்து போகும். கண்ணுக்குப் போகும் பொருளில் அந்தச் சலுகை கிடையாது.

1970களில் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் கண் மருத்துவர் லூயிஸ் வில்சனும் நுண்ணுயிரியலாளர் டொனால்ட் அஹெர்னும் பயன்பாட்டிலிருக்கும் மஸ்காராக்களை ஆராய்ந்தார்கள். புதிதாக வாங்கும்போது சுத்தமாக இருக்கும் மஸ்காரா, பயன்படுத்தப் பயன்படுத்தக் கிருமிகளின் இருப்பிடமாவதை 1975இல் பதிவுசெய்தார்கள். 1977இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை இன்னும் கடுமையானது: மாசுபட்ட மஸ்காராவால் சூடோமோனாஸ் கிருமி தொற்றி, கருவிழியில் புண் வந்த பெண்களைப் பற்றியது அது.

நடப்பது இதுதான். மஸ்காராக் குச்சியைக் கண்ணிமை முடியில் இழுக்கும்போது கை சற்று நழுவுகிறது. முனை கருவிழியில் உரசுகிறது. கீறல் கண்ணாடியில்கூடத் தெரியாது. ஒரு கணம் கண் கலங்கும், அவ்வளவே. ஆரோக்கியமான கருவிழியின் மேற்பரப்பைச் சூடோமோனாஸால் எளிதில் துளைக்க முடியாது. கீறல் விழுந்தால் அதற்கு வாசல் திறந்துவிடுகிறது. அது சுரக்கும் நொதிகள் கருவிழியின் திசுவையே கரைக்கின்றன. ஒன்றிரண்டு நாளில் புண் ஆழமாகிப் பார்வையே போகக்கூடும். குழாய்த் தண்ணீரிலும் குளியலறை ஈரத்திலும் மிகக் குறைந்த உணவோடு உயிர்வாழும் கிருமி இது. பதப்படுத்தும் பொருள்களையும் மற்றக் கிருமிகளைவிட நன்றாகத் தாங்கும்.

மஸ்காராவின் வடிவமும் கிருமிக்குச் சாதகம். ஒவ்வொரு முறையும் குச்சி இமையைத் தொட்டுவிட்டு, அங்குள்ள பாக்டீரியாவோடு இருட்டான ஈரக் குழாய்க்குள் திரும்புகிறது. குச்சியை உள்ளே விட்டு விட்டு எடுக்கும் பழக்கம் காற்றையும் அடைக்கிறது. அதனால்தான் இரண்டு முதல் நான்கு மாதத்தில் மஸ்காராவைத் தூக்கியெறியும்படி தயாரிப்பாளர்கள் பொதுவாகச் சொல்வதாக அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எடுத்துக்காட்டுகிறது. காய்ந்துபோனால் தண்ணீரோ எச்சிலோ விட்டு இளக்க வேண்டாம் என்றும் தனியாக எச்சரிக்கிறது. எச்சில் விட்டுக் குழைப்பது நம் ஊரிலும் உண்டு. காய்ந்த கண்மை டப்பாவில் நடக்கும். வாயிலுள்ள கிருமிகளைக் கண்ணுக்கு மாற்றுவதற்கு இதைவிட நேரான வழி இல்லை.

விளக்குக் கரியை விளக்கெண்ணெயில் குழைத்த வீட்டு மையில் தண்ணீர் இல்லை. அதனால் கிருமி எளிதில் பெருகாது. அதற்காக அது கிருமியற்றது என்று அர்த்தமாகாது. ஒரே டப்பாவில் வீட்டிலுள்ள எல்லோரும் விரல் வைத்தால் ஒருவரின் கண்வலி எல்லோருக்கும் வரும். பிறந்த குழந்தையின் கண்ணுக்குள் எந்த மையும் வேண்டாம் என்றுதான் மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

இன்றைய நிலைமை என்ன என்பதை இங்கிலாந்தின் ஆஸ்டன் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. அம்ரீன் பஷீரும் பீட்டர் லாம்பர்ட்டும் மக்கள் பயன்படுத்திய 467 பொருள்களைச் சேகரித்தார்கள்: லிப்ஸ்டிக், லிப் கிளாஸ், ஐலைனர், மஸ்காரா, ஃபவுண்டேஷனைப் பரப்பும் முட்டை வடிவ ஸ்பாஞ்ச். 79 முதல் 90 சதவீதம் வரையிலான பொருள்களில் பாக்டீரியா இருந்தது. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸும் மலத்தில் வாழும் ஈ. கோலையும் அதில் அடக்கம். மற்றப் பொருள்களில் ஒரு மில்லிலிட்டருக்கு நூறு, ஆயிரம் என்ற அளவில் இருந்த பாக்டீரியா, ஸ்பாஞ்சில் சராசரியாகப் பத்து லட்சத்தைத் தாண்டியது. ஸ்பாஞ்சுகளில் 93 சதவீதம் ஒருமுறைகூடக் கழுவப்படாதவை. 64 சதவீதம் எப்போதாவது தரையில் விழுந்து, எடுத்து மீண்டும் பயன்படுத்தப்பட்டவை.

ஸ்பாஞ்சை ஈரமாக்கித்தான் பயன்படுத்துகிறோம். பிறகு அப்படியே ஜிப் பைக்குள் போட்டு மூடுகிறோம். அதற்குள் தோலின் எண்ணெயும் இறந்த செல்களும் ஃபவுண்டேஷனும் இருக்கின்றன. பயன்படுத்திய அன்றே சோப்பு நீரில் நுரை தெளியும்வரை பிழிந்து கழுவி, காற்றாட வெளியே உலரவிட வேண்டும். பிரஷ்களை மென்மையான ஷாம்புவில் கழுவி, துண்டின் மேல் படுக்கவைத்து உலர்த்தலாம். நிமிர்த்தி வைத்தால் ஈரம் கைப்பிடிக்குள் இறங்கிப் பசை விட்டுவிடும்.

*

எண்ணெய்ப் பொருள்களின் முதுமை வேறு விதம். கிருமிக்கு அங்கே வேலை குறைவு, ஆக்சிஜன்தான் எதிரி. எண்ணெயிலுள்ள நிறைவுறாத கொழுப்பு அமிலங்களோடு ஆக்சிஜன் சேர்ந்து பெராக்சைடுகள் உருவாகின்றன. அவை உடைந்து ஆல்டிஹைடுகள் பிறக்கின்றன. தீபாவளி முடிந்து ஒரு மாதமான முறுக்கு டப்பாவைத் திறந்தால் வரும் சிக்கு வாடை இந்த ஆல்டிஹைடுகளுடையதுதான். பழைய லிப்ஸ்டிக்கில் மெழுகுப் பென்சில் போன்றொரு வாடை வந்தால் இதே வேதியியல் அங்கேயும் நடந்திருக்கிறது. வைட்டமின் இ சேர்ப்பது தோலுக்காக மட்டுமன்று. இந்தத் தொடர்வினையை நடுவில் அறுப்பதற்காகவும்தான்.

லிப்ஸ்டிக்கின் மேல் முத்து முத்தாக எண்ணெய் அரும்புவதைப் பார்த்துப் பலர் பயந்து வீசிவிடுகிறார்கள். வெப்பத்தில் மெழுகின் பிடி தளர்ந்து விளக்கெண்ணெய் வெளியே கசிவதால் வருவது அது; ஆறியதும் துடைத்துவிட்டுப் பயன்படுத்தலாம். ஷியா பட்டர் க்ரீம் ரவை ரவையாக மாறுவதும் அவ்வாறே. உருகி மெதுவாக ஆறும்போது சில கொழுப்புகள் தனியே பெரிய படிகங்களாக உறைகின்றன, கெடுதல் இல்லை. ஆனால் ஃபவுண்டேஷனிலோ லோஷனிலோ மேலே எண்ணெயும் கீழே நீருமாகப் பிரிந்து, குலுக்கினாலும் சேரவில்லையென்றால் பால்மம் உடைந்துவிட்டது. பதப்படுத்தும் பொருளும் அதில் சமமாகப் பரவியிராது. அதை விட்டுவிட வேண்டும்.

கண்ணுக்குத் தெரியும் மாற்றங்களைவிடத் தெரியாதவைதான் அதிகம் கவலை தருவன. அவற்றில் முதலிடம் சன்ஸ்கிரீனுக்கு. எஸ்.பி.எஃப். 50 என்று அச்சிட்ட டியூப், வெயிலில் நிறுத்திய காரில் ஒரு கோடை முழுதும் கிடந்த பிறகும் அதே வெள்ளை நிறத்தில், அதே மணத்தோடு இருக்கும். மூடிய காருக்குள் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் மூலக்கூறுகளும் அவற்றைச் சமமாகப் பரப்பி வைக்கும் பால்மமும் சிதைந்திருக்கலாம். தோல் கறுத்த பிறகுதான் தெரியவரும். ஆக்டோகிரைலீன் என்ற கதிர்த்தடுப்பு மூலக்கூறு உள்ள சன்ஸ்கிரீன்கள் நாளாக நாளாக பென்சோஃபீனோன் என்ற வேண்டாத பொருளைச் சேர்த்துக்கொள்வதாக 2021இல் ஓர் ஆய்வு வெளியானது. பிரான்ஸிலும் அமெரிக்காவிலும் வாங்கிய வெகுசில பொருள்களில் செய்த ஆய்வு அது. அதை வைத்து சன்ஸ்கிரீனையே ஒதுக்குவது தவறு. பழைய டியூபை அடுத்த கோடைக்கு எடுத்து வைக்காதீர்கள் என்பதற்கு அது போதுமான காரணம்.

வைட்டமின் சி சீரம் நேர்மையான பொருள். தன் முதுமையை நிறத்திலேயே சொல்லிவிடும். நிறமில்லாமலோ வெளிர் மஞ்சளாகவோ வரும் திரவம் ஆக்சிஜனேற்றமடைந்து ஆரஞ்சாகவும் பழுப்பாகவும் மாறும். பழுப்பானால் போட்ட பணம் போயிற்று. அடர்நிறப் பாட்டில், இறுக்கிய மூடி, ஃபிரிட்ஜ் மூன்றும் அதற்கு உதவும். ரெட்டினாலுக்கு வெளிச்சமும் காற்றும் ஆகாது. அலுமினிய டியூபில் அது வருவதற்குக் காரணம் அதுவே. வாசனைத் திரவியங்களைப் பாதுகாக்க பிரான்ஸின் வெர்சாய் நகரில் 1990 முதல் ஓஸ்மோதேக் என்ற காப்பகமே இயங்குகிறது. மறைந்துபோன சென்டுகளை அங்கே இருட்டில், 12 டிகிரி குளிரில், பாட்டிலின் மேற்பகுதியில் ஆர்கான் வாயுவை நிரப்பி வைத்திருக்கிறார்கள். காற்றையும் வெளிச்சத்தையும் வெப்பத்தையும் விலக்கினால் போதும் என்பதற்கு அந்தக் காப்பகம் சான்று.

*

'குளிர்ச்சியான, உலர்ந்த இடத்தில் வைக்கவும்' என்று எல்லா லேபிளிலும் இருக்கிறது. நம் வீட்டில் அந்த இடம் எது?

குளியலறை நிச்சயமாக இல்லை. ஷவர் நீராவியும் ஈரமும் தினமும் இருமுறை ஏறி இறங்கும் அறை அது. ஜன்னலோரக் கண்ணாடி மேசையும் இல்லை. ஃபிரிட்ஜின் மேல்பகுதி சூடாகவே இருக்கும். மேற்குச் சுவரை ஒட்டி நிற்கும் ஸ்டீல் பீரோ மாலை ஐந்து மணிக்குத் தொட்டாலே சுடும். வெயில் நேரடியாகப் படாத அறையில், உள்பக்கச் சுவரை ஒட்டிய மர அலமாரியின் கீழ்த்தட்டுதான் பெரும்பாலான வீடுகளில் பொருத்தமான இடம். ஸ்கூட்டரின் சீட்டுக்கடியிலும் கைப்பையிலும் அன்றைய தேவைக்கான சிறு அளவு மட்டும் இருக்கட்டும்.

எல்லாவற்றையும் ஃபிரிட்ஜில் அடுக்குவதும் தேவையில்லை. ஃபவுண்டேஷன் கெட்டியாகிப் பிரியலாம், எண்ணெய்கள் உறையும், வெளியே எடுத்து உள்ளே வைக்கும்போது மூடிக்குள் நீர் கோக்கும். வைட்டமின் சி, வீட்டில் செய்த சாறு, லேபிளே ஃபிரிட்ஜைக் கேட்கும் பொருள் ஆகியவை அங்கே இருக்கட்டும். ஃப்ரீசர் க்ரீம்களுக்கு வேண்டவே வேண்டாம். காம்பாக்ட் பவுடரை ஈர ஸ்பாஞ்சால் தொடாமல் இருந்தால் இரண்டு ஆண்டுகள்கூட ஓடும். அகன்ற வாய் டப்பாவா, பம்ப் பாட்டிலா என்று தேர்வு இருந்தால் பம்ப். டப்பாதான் என்றால் சுத்தமான, உலர்ந்த சிறு கரண்டி.

கல்யாண சீசனில் மணப்பெண் அலங்காரத்துக்குப் போகும் கலைஞர்களிடம் இந்த விதிகள் இன்னும் கடுமையாக இருக்க வேண்டும், ஏனெனில் ஒரே பெட்டி பல முகங்களைத் தொடுகிறது. திறமையானவர்கள் லிப்ஸ்டிக்கை நேராக உதட்டில் தேய்ப்பதில்லை. கரண்டியால் சுரண்டித் தட்டில் எடுத்து, பிரஷ்ஷால் பூசுகிறார்கள். மஸ்காராவுக்கு ஆளுக்கொரு குச்சி. பவுடர் தட்டுகளின் மேல் 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தெளித்து உலரவிடுகிறார்கள். சுத்த ஆல்கஹாலைவிட இது நன்றாக வேலை செய்யும். கிருமியின் புரதத்தைச் சிதைக்கச் சற்றுத் தண்ணீர் தேவைப்படுகிறது. பார்லரில் உட்காரும்போது இவற்றைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். கடையில் எல்லோரும் தொட்ட டெஸ்டரைக் கையின் பின்புறத்தில் பூசிப் பார்க்கலாம், கண்ணிலோ உதட்டிலோ வேண்டாம்.

வீட்டில் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. அழியாத மார்க்கர் பேனாவை எடுத்து, திறந்திருக்கும் ஒவ்வொரு டப்பாவின் அடியிலும் திறந்த மாதத்தை எழுதுங்கள். எப்போது திறந்தது என்று நினைவுக்கு வராத மஸ்காராவையும் ஐலைனரையும் அப்படியே குப்பையில் போடுங்கள். கண்ணில் தொற்று வந்திருந்தபோது பயன்படுத்திய எதையும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும், வைத்துக்கொள்ள வேண்டாம். மை தீட்டிய பிறகு கண் சிவந்து, வலித்து, வெளிச்சத்தைப் பார்க்கக் கூசினால் மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கொண்டு காத்திருக்காதீர்கள். அன்றே கண் மருத்துவரிடம் போங்கள். போகும்போது அந்த மைக் குழாயையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். எந்தக் கிருமி என்று கண்டுபிடிக்க அது உதவும்.